தகுதிச் சுற்றில் வினாடிக் கணக்கு

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர் பலருக்கு மோட்டார்ப் பந்தயம் புதிதன்று. சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் வண்டிகள் ஓடிய நாட்களைக் கண்டவர் இன்றும் நம்மிடையே உளர். 1990ஆம் ஆண்டு முதல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்திற்கெனத் தனித் தடமே இருந்து வருகிறது. எனினும், பந்தயத்திற்கு முன்னர் நடைபெறும் தகுதிச் சுற்றின் முடிவுகளைப் படிக்கும்போது பெரும்பாலோர் திகைப்பர். முதல்வரின் பெயருக்கு எதிரே அவர் எடுத்துக்கொண்ட முழு நேரம் இருக்கும். மற்றவர் பெயர்களுக்கு எதிரே 0.214 என்றும் 0.987 என்றும் கூட்டற்குறியோடு சிற்றெண்கள் நிற்கும். அவ்வெண்களை எவ்வாறு படிப்பது என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

திருவனந்தபுரம் மாவட்டத்து வித்துரா வழியாகப் பொன்முடிக்கு ஏறும் சாலையை நேயர்களிற் சிலர் நன்கு அறிவர். கல்லாற்றைக் கடந்தபின் அச்சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் வரும். ஒரு பேருந்தும் அதன் பின்னே ஒரு ஜீப்பும், சரியாகப் பத்து வினாடி இடைவெளியில், ஒரே விதமாக ஏறுவதாகக் கொள்வோம். நேரான பகுதியில் இரண்டும் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் அவற்றிற்கு இடையே 100 மீட்டர் தூரம் இருக்கும். வளைவில் வேகம் மணிக்கு 9 கிலோமீட்டராகக் குறையும். அப்போது தூரம் 25 மீட்டர்தான். பேருந்தின் பின்னிருக்கையில் இருப்பவர், ஜீப் நெருங்கிவிட்டது என்பார். வளைவு தாண்டியதும், பின்தங்கிவிட்டது என்பார். உண்மையில் அது நெருங்கவுமில்லை, பின்தங்கவுமில்லை. பத்து வினாடி பத்து வினாடியாகவே இருந்தது. தூரம் வேகத்திற்கேற்பச் சுருங்கி விரியும் என்பதனாலேயே பந்தயத்தில் வேற்றுமையை நேரத்தால் அளக்கிறார்கள். பத்திலொரு வினாடி என்பது மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் எட்டு மீட்டருக்கு மேல். 72 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டே மீட்டர்.

தகுதிச் சுற்றில் இன்னொன்றையும் கருத வேண்டும். அங்கே வண்டிகள் ஒன்றையொன்று துரத்துவதில்லை. ஒவ்வொருவரும் தமக்கு வசதியான வேளையில் புறப்பட்டுத் தடத்தை ஒருமுறை சுற்றி, தம்மாலான மிகக் குறைந்த நேரத்தைப் பதிவு செய்கிறார்கள். ஆகவே அட்டவணையில் அடுத்தடுத்து நிற்கும் இருவர் தடத்தில் ஒருவரையொருவர் கண்டிராமலே இருந்திருக்கலாம். அவர்களுக்கிடையே உள்ள இடைவெளி, இரண்டு தனி ஓட்டங்களைக் காகிதத்தில் அருகருகே வைத்துக் கழித்ததால் வந்தது. முதலில் ஓடியவருக்குத் தூசி படிந்த தடம். பின்னர் ஓடியவருக்கு டயர்களின் ரப்பர் படிந்து பிடிமானம் ஏறிய தடம். பார்முலா ஒன்று பந்தயத்தில் 2006 முதல் தகுதிச் சுற்று மூன்று பகுதிகளாக நடைபெறுகிறது. முதலிரண்டு பகுதிகளின் முடிவிலும் பின்தங்கியோர் விலக்கப்படுவர். எனவே ஒரு பகுதியின் நேரத்தை மற்றொரு பகுதியின் நேரத்தோடு ஒப்பிடுவது பெரும்பாலும் பொருந்தாது.

கணக்கு எத்துணை நுட்பமானது என்பதற்கு ஸ்பெயின் நாட்டு ஹெரெஸ் தடம் சான்று. 1997 அக்டோபரில் அங்கே வில்நவ், ஷூமாக்கர், பிரென்ட்சன் என்னும் மூவரும் 1 நிமிடம் 21.072 வினாடி என்ற ஒரே நேரத்தைப் பதிவு செய்தனர். அந்நேரத்தை முதலில் எட்டியவர் என்பதால் வில்நவுக்கு முதலிடம் கிடைத்தது. ஆயிரத்திலொரு வினாடியில் அவ்வண்டிகள் சராசரியாகக் கடந்த தூரம் ஐந்தரை சென்டிமீட்டர். ஒரு தீப்பெட்டியின் நீளம் என்று கொள்ளலாம். நாலரைக் கிலோமீட்டர் தடத்தைச் சுற்றி வந்த மூவரை அந்த அளவும் பிரிக்கவில்லை.

இனி நம்மவர் ஒருவரைப் பற்றிய செய்திக்கு வருவோம். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005இல் பார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியர் என்பது யாவரும் அறிந்ததே. 2011 மார்ச்சு மாதம் மெல்போர்ன் நகரில் அவர் ஹிஸ்பானியா அணிக்காகத் தகுதிச் சுற்றில் இறங்கினார்.  முதற்பகுதியில் மிக விரைவாக ஓடியவர் எடுத்தது 85.296 வினாடி. கார்த்திகேயன் எடுத்தது 94.293 வினாடி. இடைவெளி ஏறக்குறைய ஒன்பது வினாடி. அவ்வாண்டு மீண்டும் நடைமுறைக்கு வந்த விதிப்படி, முதற்பகுதியின் மிகச் சிறந்த நேரத்தில் 107 விழுக்காட்டுக்குள் வராதவர் பந்தயத்தில் ஓட இயலாது. எல்லை 91.266 வினாடி. மூன்று வினாடி கூடுதலாக எடுத்த கார்த்திகேயனுக்குப் பந்தயத்தில் இடமில்லாமற் போயிற்று.

இவ்விதி கொடியது என்று சொல்வதற்கில்லை. அத்தடத்தின் நீளம் அப்போது 5.303 கிலோமீட்டராக இருந்தது. மிக விரைவாக ஓடியவர் சுற்றை முடிக்கும் கணத்தில் கார்த்திகேயனின் வண்டி, இருவரும் ஒருங்கே புறப்பட்டிருந்தால், அரைக் கிலோமீட்டர் பின்னே இருந்திருக்கும். 58 சுற்றுகளும் அதே வேகத்தில் ஓடியிருந்தால் ஐந்தரைச் சுற்று பின்தங்கியிருக்கும். இவ்வளவு வேக வேற்றுமையுள்ள வண்டிகள் ஒரே தடத்தில் கலந்தோடுவது பிறருக்கும் ஆபத்து.

எனினும், அந்த ஒன்பது வினாடியையும் ஓட்டுநரின் குறையாக எழுதிவிடுவது நியாயமன்று. அப்படிப் பேசியவர் நம்மவரிலும் உண்டு. அவ்வணியின் வண்டிகள் அங்கே வந்த பின்னும் பூட்டி முடிக்கப்படாமலிருந்தன. பயிற்சி நேரத்தின் பெரும்பகுதி அதிலேயே கழிந்தது. ஓட்டுநரை எடைபோட விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டியது அதே அணியின் மற்றொரு வண்டியை. அதை ஓட்டிய லியுட்சி 92.978 வினாடி எடுத்தார், அவருக்கும் இடமில்லை. இருவருக்கும் உள்ள வேற்றுமை 1.315 வினாடி. அதுவும் சிறிதன்று, அதை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் ஒன்பதில் ஏறக்குறைய எட்டு வினாடி வண்டிக்கும் ஆயத்தக் குறைவுக்கும் உரியது என்று கொள்வதே பொருத்தம்.

இதன் மறுபக்கமும் அதே தடத்திலேயே இருக்கிறது. 2005இல் கார்த்திகேயன் தமது முதற் பந்தயத்தை மெல்போர்னில் 12ஆம் இடத்திலிருந்து தொடங்கினார். அக்காலத்தில் ஓட்டுநர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தனியே அனுப்பப்பட்டனர். இடையே மழை வந்து தடத்தை மாற்றியது. உலகச் சாம்பியன் ஷூமாக்கரே பின்வரிசைக்குத் தள்ளப்பட்டார். அன்றைய எண்களைக் கொண்டு கார்த்திகேயன் ஷூமாக்கரினும் விரைந்தவர் என்று எவரும் சொல்லமாட்டார். அவரும் சொல்லியிருக்க மாட்டார்.

2011இல் மெல்போர்னுக்கு அடுத்த பந்தயம் ஏப்ரல் மாதம் மலேசியாவில் நடந்தது. பூட்டி முடித்த வண்டிகளோடு வந்த ஹிஸ்பானியா ஓட்டுநர் இருவரும் 107 விழுக்காட்டு எல்லைக்குள் வந்து, கடைசி இரண்டு இடங்களில் நின்றனர்.