திறன்பேசித் தளங்கள் இரண்டு: ஓர் ஒப்புநோக்கு

முன்னுரை

ஒப்பிட்டு நோக்குதல் தமிழ்த்துறையினராகிய நமக்குப் பழகிய நெறியாகும். இரு காப்பியங்களையோ இரு புலவர்களையோ ஒப்பிடப் புகுவோர் முதற்கண் பொதுவானதோர் அளவுகோலை வகுத்துக்கொள்வர். விருப்பு வெறுப்புகளை ஒதுக்கிவைப்பர். ஆனால், நம் இல்லங்களில் இன்று அன்றாடம் நிகழும் ஓர் ஒப்பீட்டில் இந்நெறி பெரிதும் கைவிடப்படுகிறது. ஆண்டிராய்டு கைப்பேசி வாங்குவதா, ஐபோன் வாங்குவதா என்பதே அவ்வொப்பீடு. கல்லூரியில் அடியெடுத்து வைக்கும் பிள்ளை விலையுயர்ந்த கருவியொன்றை விரும்பிக் கேட்கிறது; பெற்றோர் மாதத் தவணைக்குக் கையொப்பமிடுகின்றனர். தவணை முடியுமட்டும் வீட்டின் வேறு தேவைகள் காத்திருக்க வேண்டியுள்ளது. ஆதலின், இது வெறும் பொழுதுபோக்குப் பேச்சன்று. குடும்பத்தின் வரவு செலவைப் பற்றிய வினாவாகும்.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனக் கொண்டது தொல்காப்பியம். ஒரு கருவியை மதிப்பிடுங்கால் முதலில் நோக்கத்தக்கனவும் அவ்விரண்டே என்பது நம் கருத்து. எனவே, இவ்வாய்விற்குத் திருத்தணியைக் களமாகக் கொள்வோம். மலையும், மாநில எல்லையும், புறநகர் இரயிலும், கடுங்கோடையும், இருமொழி வழக்கும் ஒருங்கே அமைந்த ஊர் அது. அங்கு நன்கு பயன்படும் கருவி பிறவிடங்களிலும் பயன்படும் எனத் துணியலாம்.

தளங்களின் தோற்றம்

கைப்பேசியின் உறுப்புகளை இயக்கி, நாம் விரும்பும் செயலிகளுக்கு இடமளிக்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம் எனப்படும். ஆப்பிள் நிறுவனம் 2007 ஆம் ஆண்டு சனவரியில் ஐபோனை அறிவித்தது. அதன் தளம் பின்னர் ஐஓஎஸ் எனப் பெயர் பெற்றது. கூகுள் நிறுவனம் 2005 இல் விலைக்கு வாங்கிய ஆண்டிராய்டு, 2008 இல் முதற்கைப்பேசியாக விற்பனைக்கு வந்தது. சிம்பியன், பிளாக்பெரி, விண்டோஸ் போன் முதலிய தளங்களும் ஒருகாலத்தில் செல்வாக்குடன் விளங்கின. இன்று அவை வழக்கொழிந்தன. எஞ்சி நிற்பவை இவ்விரண்டே.

இவற்றிடையே உள்ள அடிப்படை வேறுபாடு உரிமையில் அமைந்துள்ளது. ஐபோனில் கருவியையும் தளத்தையும் ஒரே நிறுவனம் வடிவமைக்கிறது. ஆண்டிராய்டிலோ தளம் கூகுளுடையது. கருவி செய்வோர் பலர். அவர்கள் தத்தம் விருப்பப்படி தளத்தைத் திருத்தியமைக்கின்றனர். இதனால் ஆண்டிராய்டு என்னும் ஒரே பெயரின்கீழ் எளிய விலைக் கருவியும் உண்டு. ஐபோனுக்கு இணையான விலையுடையதும் உண்டு. ஆகவே, ‘ஆண்டிராய்டு தாழ்ந்தது, ஐபோன் உயர்ந்தது’ என ஒரே சொல்லில் முடித்தல் முறையன்று. விலையால் ஒத்தவற்றையே ஒப்பிடுதல் வேண்டும்.

மொழியும் பயன்பாடும்

திருத்தணி 1956 ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பின்போது ஆந்திரத்தில் இருந்தது. ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகவும், 1959 ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டத்தின் வழியாகவும், 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. எல்லைக்கோடு மாறினும் மக்கள் நாவில் இருமொழியும் நிலைத்தன. கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் மாறிமாறி ஒலிக்கும் இவ்வூரில், கைப்பேசி எம்மொழியில் பேசுகிறது என்பதே பயன்பாட்டின் முதல் வினாவாகும்.

ஆண்டிராய்டு 2014 இல் வெளிவந்த தன் ஐந்தாம் பதிப்பிலேயே தமிழையும் தெலுங்கையும் தளத்தின் மொழிகளாக ஏற்றது. அதாவது, அமைப்புப் பட்டியல்கள் முழுவதையும் தாய்மொழியிலேயே காணலாயிற்று. ஐபோனில் 2013 முதல் தமிழ் விசைப்பலகை இருந்தபோதிலும், பட்டியல்கள் தமிழில் அமையவில்லை. 2025 இல் வந்த ஐஓஎஸ் 18.4 பதிப்பில்தான் தமிழ், தெலுங்கு, உருது உள்ளிட்ட பத்து மொழிகள் தளமொழிகளாகச் சேர்க்கப்பெற்றன. ஆங்கிலம் அறியாத முதியோர்க்கு ஐபோன் அதுவரை பாதி மூடிய கதவாகவே இருந்தது எனலாம். இன்று அக்குறை பெருமளவு நீங்கியுள்ளது. ஆயினும், பழைய ஐபோன்களைக் கைம்மாற்றாக வாங்குவோர், அவை இப்பதிப்பை ஏற்குமா எனக் கேட்டறிதல் நன்று.

எழுதத் தயங்குவோர்க்குப் பேச்சே துணையாகும். கூகுள் நிறுவனம் 2017 இல் தமிழ், தெலுங்கு, உருது முதலிய மொழிகளில் பேசுவதை எழுத்தாக்கும் வசதியை வழங்கியது. எழுத்தின் அளவைப் பெரிதாக்கும் வசதி இருதளங்களிலும் உண்டு. இவற்றை முதன்முறை அமைத்துத் தருதல் இல்லத்து இளையோரின் பொறுப்பாகும். மலையடிவாரத்துப் பூக்கடையிலும் தேங்காய்க் கடையிலும் நிகழும் யுபிஐ பணப்பரிமாற்றமும் இருதளங்களிலும் ஒன்றுபோலவே நடைபெறுகிறது. இவ்வகையில் ஏற்றத்தாழ்வு இல்லை.

மின்கலத்தின் கணக்கு

இனி, பலரும் வினவும் மின்கலத்திற்கு வருவோம். இன்றைய கைப்பேசிகளில் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். இதனைச் சோனி நிறுவனம் 1991 இல் வணிகத்திற்குக் கொணர்ந்தது. இதன் ஆக்கத்திற்காக ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூவர்க்கும் 2019 ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

விளம்பரங்களில் ‘5000 எம்ஏஎச்’ எனக் காண்கிறோம். அஃது மில்லி ஆம்பியர் மணி என்பதன் சுருக்கம். அதனைச் சற்றேறக்குறைய 3.85 வோல்ட் மின்னழுத்தத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 19 வாட் மணி ஆற்றல் கிடைக்கும். வீட்டிலுள்ள 9 வாட் எல்இடி விளக்கை இரண்டு மணி நேரம் எரிக்கும் அளவே இது. இச்சிறு ஆற்றலைக் கொண்டு ஒரு கைப்பேசி முழுநாளும் இயங்குகிறது என்பது வியப்பிற்குரியது.

ஆண்டிராய்டு கருவிகளில் 5000 என்பது இன்று பரவலான அளவு. 2023 இல் வந்த ஐபோன் 15 இன் மின்கலம் 3300 அளவினதே. ஆயினும், அது 20 மணி நேரம் வரை காணொலி காட்டும் என்று அந்நிறுவனம் கூறுகிறது. தொட்டி சிறிதாயினும் குழாயைச் சிக்கனமாகத் திறந்தால் நீர் நெடுநேரம் வரும் அன்றோ? சில்லும் தளமும் ஒரே கையால் அமைவதும், பின்னணியில் இயங்கும் செயலிகளைத் தளம் இறுக்கமாகக் கட்டுப்படுத்துவதும் அச்சிக்கனத்தின் காரணங்களாகும். எனவே, எண்ணிக்கை பெரிதாக இருப்பதனாலேயே ஒரு கருவி நெடுநேரம் உழைக்கும் எனக் கொள்ளுதல் பிழையாகும்.

இக்கட்டுப்பாட்டிற்கு மறுபக்கமும் உண்டு. ஆண்டிராய்டு தன் ஆறாம் பதிப்பில், 2015 இல், பயன்படுத்தாத வேளையில் செயலிகளை உறங்கவைக்கும் முறையைப் புகுத்தியது. சில தயாரிப்பாளர்கள் அதனினும் கடுமையாகச் செயலிகளை நிறுத்திவிடுகின்றனர். அதன் விளைவாகத் தொழுகை நேரம் அறிவிக்கும் செயலியும், மருந்து வேளையை நினைவூட்டும் செயலியும் உரிய நேரத்தில் ஒலிக்காமல் போவதுண்டு. அமைப்பில் அச்செயலிக்கு மட்டும் மின்சிக்கனக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்களித்தால் இக்குறை தீரும். ஐபோனில் செயலி அனுப்பும் அறிவிப்பொலி 30 நொடிக்கு உட்பட்டதாக இருத்தல் வேண்டும் என்பது விதி. ஆதலின் பாங்கொலி முழுமையாக ஒலிக்காமல் இடையில் நிற்பதைக் காணலாம். இரண்டிலும் குறையுண்டு, ஆனால் குறையின் வகை வேறு.

நிலம் செய்யும் வேறுபாடு

கைப்பேசி ஓயாது அலைக்கோபுரத்துடன் பேசிக்கொண்டிருக்கிறது. கோபுரம் அருகில் இருப்பின் மெல்லப் பேசினால் போதும். தொலைவில் இருப்பினும் பாறை மறைப்பினும் உரத்துப் பேச வேண்டும். உரத்துப் பேசுதற்கு மின்னாற்றல் மிகுதியாகச் செலவாகும். குன்றுகள் சூழ்ந்த இடங்களில் அலை நலிவுறுவதும், கைப்பேசி சூடேறுவதும், மின்னேற்றம் விரைந்து கரைவதும் இதனாலேயே.

சென்னையிலிருந்து 80 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள திருத்தணிக்கு அரக்கோணம் வழியாகப் புறநகர் இரயில்கள் ஓடுகின்றன. இதில் நாள்தோறும் சென்று மீளும் மாணவரின் கைப்பேசி, வழியெங்கும் ஒரு கோபுரத்தை விட்டு மற்றொன்றைப் பற்றிக்கொண்டே செல்கிறது. அவ்வேளையில் காணொலிப் பாடத்தை இணையத்தில் நேரடியாகக் காண்பதைவிட, முன்னிரவே வீட்டில் பதிவிறக்கி வைத்துக் காண்பது மின்னேற்றத்தை மிகுதியும் காக்கும்.

எல்லைக்கு உரிய இடர் மற்றொன்றும் உண்டு. தொலைத்தொடர்பில் தமிழ்நாடு ஒரு வட்டம். ஆந்திரப் பிரதேசம் மற்றொரு வட்டம். நகரி, புத்தூர் நோக்கிச் செல்லுங்கால் கைப்பேசி அயல்வட்டக் கோபுரத்தைப் பற்றிக்கொள்ளும். ‘டேட்டா ரோமிங்’ எனும் அமைப்பு அணைக்கப்பட்டிருந்தால், சில கருவிகளில் பேச்சு நடக்கும், இணையம் நின்றுவிடும். கருவி பழுதாயிற்று என அஞ்சவேண்டுவதில்லை; அவ்வமைப்பைத் திறந்தாற் போதும். இவை யாவற்றிலும் ஐபோனுக்கும் ஆண்டிராய்டுக்கும் பெரிதும் வேறுபாடில்லை. அலைக்கோபுரம் வணிகப் பெயரை நோக்குவதில்லை.

பொழுது செய்யும் வேறுபாடு

மே மாதத்தில் 40 பாகை செல்சியசைத் தாண்டும் வெப்பம் திருத்தணிக்குப் புதிதன்று. ஐபோனை 35 பாகை வரையுள்ள சூழலில் பயன்படுத்துமாறே அதன் நிறுவனம் அறிவுறுத்துகிறது. இவ்வரம்பு மீறும்போது கருவிகள் திரையொளியைக் குறைக்கும். மின்னேற்றத்தை நிறுத்தியும் வைக்கும். மிகு வெப்பம் லித்தியம் மின்கலத்தின் ஆயுளையும் நிலையாகக் குறைக்கிறது. வெயிலில் நிறுத்திய வண்டியில் கைப்பேசியை வைத்தலும், மின்னேற்றம் பெறும்போதே விளையாடுதலும் தவிர்க்கத்தக்கன. 2016 இல் சாம்சங் நிறுவனத்தின் கேலக்சி நோட் 7 மின்கலக் குறைபாட்டால் தீப்பற்றி, உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டதை நினைவிற்கொண்டால் மின்கலத்தின்பால் நாம் கொள்ளவேண்டிய கவனம் விளங்கும்.

ஆடிக் கிருத்திகையன்று காவடியேந்தி வருவோர் கூட்டமும், திசம்பர் 31 இரவு 365 படிகளில் நிகழும் படித்திருவிழாக் கூட்டமும் ஊரை நிறைக்கும். ஒரே கோபுரத்தைப் பல்லாயிரவர் நாடும்போது இணைப்புத் தடைப்படுவது இயல்பு. அத்தகைய நாள்களில் மின்சேமிப்பு முறையை இயக்கிவைத்தலும், காணொலி அனுப்புவதைத் தள்ளிவைத்துக் குறுஞ்செய்தியோடு நிறுத்திக்கொள்ளுதலும் நன்று. தவறிப் பிரிந்தால் கூடுமிடம் எதுவென முன்னரே உறவினரிடம் உரைத்துவைத்தல் எக்கருவியினும் நம்பத்தக்க வழியாகும்.

ஆயுளும் விலையும்

மின்கலம் முழுமையாக ஒருமுறை தீர்ந்து நிரம்புதல் ஒரு சுற்று எனப்படும். இருநாள் பாதிபாதியாகச் செலவிட்டால் அதுவும் ஒரு சுற்றே. ஐபோன் 14 வரையிலான கருவிகள் 500 சுற்றுகளுக்குப் பின்னும், ஐபோன் 15 முதலானவை 1000 சுற்றுகளுக்குப் பின்னும் 80 விழுக்காட்டுக் கொள்ளளவைத் தக்கவைக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டன என ஆப்பிள் கூறுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 சூன் 20 முதல், அங்கு விற்பனைக்கு வரும் கைப்பேசி மின்கலங்கள் 800 சுற்றுகளுக்குப் பின் 80 விழுக்காடு கொள்ளளவு காத்தல் வேண்டும் என விதித்துள்ளது. கடையில் கேட்கவேண்டிய வினா எதுவென இவ்விதி நமக்கு உணர்த்துகிறது. மின்கலம் தேய்ந்தபின் புதியது மாற்ற எவ்வளவு செலவாகும் என்பது அடுத்த வினா. தளத்தின் பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பது மூன்றாவது. கூகுள் தன் பிக்சல் 8 கருவிக்கும், சாம்சங் தன் கேலக்சி எஸ்24 கருவிக்கும் ஏழாண்டுப் புதுப்பிப்பை அறிவித்தன. எளிய விலைக் கருவிகள் பலவற்றில் இக்காலம் குறைவு.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. பாடமும் செய்தியும் பணப்பரிமாற்றமுமே தேவையாக உள்ள மாணவர்க்கு நடுத்தர விலை ஆண்டிராய்டு கருவி போதுமானது. ஒரே கருவியை ஐந்தாறு ஆண்டுகள் வைத்துப் பேண எண்ணி, கடனின்றி வாங்க இயன்றவர்க்கு ஐபோன் தக்கதாகலாம். முதியோர்க்குத் தாய்மொழிப் பட்டியலும் பெரிய எழுத்துமே முதன்மை. பொத்தான் கைப்பேசியே போதும் என்போரும் தாழ்ந்தவரல்லர். அவர்களும் பணம் செலுத்தும் பொருட்டு 2022 இல் ‘யுபிஐ 123பே’ என்னும் சேவை தொடங்கப்பெற்றுள்ளது.

சிற்றூர்க் குன்றில் அலை நலிதலும், கோடையில் மின்கலம் வாடுதலும் விலையுயர்ந்த கருவிக்கும் எளிய கருவிக்கும் பொதுவே. கைப்பேசியின் பின்புறத்துச் சின்னம் அவற்றை மாற்றுவதில்லை. இதனை மாணவச் செல்வங்கள் உணர்ந்து, கடைக்குச் செல்லுமுன் தம் தேவைகளை ஒரு தாளில் எழுதிப் பெற்றோருடன் அமர்ந்து ஆராய்தல் வேண்டும். நான்கு வரிகளுக்கு மேல் அத்தாள் நீளாது. அந்நான்கு வரிகளுக்கு ஈடுகொடுக்கும் கருவி எதுவோ அதுவே அவ்வீட்டிற்குச் சிறந்த கருவியாகும். எஞ்சும் பணம் நூலுக்கும் தேர்வுக் கட்டணத்திற்கும் உதவும்.