மக்கள் நினைவில் வாழும் ஊர்

அரசர்களின் புகழைக் கல்வெட்டும் செப்பேடும் காத்து வருகின்றன. தெருக்களில் பிறந்து, உழைத்து, வாழ்ந்து மறைந்த எளிய மக்களின் வரலாற்றைக் காப்பது எது? அவர்கள் தம் மக்களுக்கும் பேரர்க்கும் சொல்லிவரும் செய்திகளே அதனைக் காக்கின்றன. இவ்வுண்மையைத் தென்னாப்பிரிக்காவிலுள்ள கேப் டவுன் நகரில் தெளிவாகக் காணலாம்.

அந்நகரின் துறைமுகத்திற்கு அண்மையில் ஒரு குடியிருப்பு இருந்தது. 1867-ஆம் ஆண்டில் நகராட்சியின் ஆறாவது வட்டாரமாக அமைந்தமையால் அது 'ஆறாம் வட்டாரம்' எனப் பெயர் பெற்றது. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தோர், வணிகர், கைவினைஞர், தொழிலாளர், பிற நாடுகளிலிருந்து வந்து குடியேறியோர் எனப் பல இனத்தவரும் பல சமயத்தவரும் அங்கே அண்டை அயலாராய் வாழ்ந்தனர். வீடுகள் நெருக்கமானவை, பழுதுற்றவையும் பல. ஆயினும் அதுவே அவர்தம் ஊர்.

நிற வேற்றுமையையே கொள்கையாகக் கொண்டிருந்த அந்நாட்டு அரசு, இன்ன இனத்தார் இன்ன பகுதியில்தான் வாழலாம் என்று 1950-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. அதன்படி, 1966-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 11-ஆம் நாள், ஆறாம் வட்டாரம் வெள்ளையர்க்கே உரியது என அறிவிக்கப்பட்டது. பின் வந்த ஆண்டுகளில் ஏறத்தாழ 60,000 மக்கள் வெளியேற்றப்பட்டு, நகருக்கு அப்பாலுள்ள மணற்பாங்கான சமவெளியில் குடியமர்த்தப்பட்டனர். வீடுகள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. வழிபாட்டிடங்கள் சிலவே எஞ்சின. பல தலைமுறைகள் அடுத்தடுத்து வாழ்ந்த குடும்பங்கள் திசைக்கொன்றாய்ச் சிதறின.

வீடுகளை இடிக்கலாம், நினைவை இடித்தல் இயலுமோ? நிற வேற்றுமை ஆட்சி வீழ்ந்த 1994-ஆம் ஆண்டில், அவ்விடத்துப் பழைய கிறித்தவத் தேவாலயம் ஒன்றில் 'ஆறாம் வட்டார அருங்காட்சியகம்' திறக்கப்பட்டது. அதன் தரையில் பழைய தெருக்களைக் காட்டும் பெரிய வரைபடம் ஒன்று விரிந்து கிடக்கின்றது. அங்கு வாழ்ந்தோர் வந்து, தம் வீடு இருந்த இடத்தைத் தேடித் தம் பெயரைத் தம் கையாலேயே எழுதினர். இடிபாடுகளிலிருந்து காக்கப்பட்ட தெருப்பெயர்ப் பலகைகளும் அங்கே தொங்குகின்றன. வருவோர் எழுதிய சொற்களை நூலால் தைத்துக் காக்கும் துணியும் உண்டு.

இந்நினைவுகள் மனத்திற்கு ஆறுதல் அளித்ததோடு நிற்கவில்லை. இழந்த நிலத்தைக் கேட்டுப் பெறும் உரிமையை வழங்கும் சட்டம் 1994-ஆம் ஆண்டிலேயே பிறந்தது. இன்ன தெருவில் இன்ன வீட்டில் வாழ்ந்தோம் என்று மக்கள் மறவாது கூறியது அவர்தம் உரிமைக்குத் துணைநின்றது. 2004-ஆம் ஆண்டில், எண்பது வயதைக் கடந்த இருவர் முதன்முதலாகத் திரும்பி வந்து புதிய வீடுகளின் திறவுகோல்களைப் பெற்றனர். அந்நாளைக் காணாமலே மறைந்த முதியோரும் பலர்.

மாணவர்களே! முதியோர் கூறுவதில் ஆண்டும் நாளும் பிழைபடலாம். ஆதலின் ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்றோடும், பழைய பத்திரங்களோடும் ஒப்புநோக்குதல் வேண்டும். ஆனால், எந்தக் கிணற்றில் யார் நீர் எடுத்தனர், யாருக்கு அது மறுக்கப்பட்டது, பஞ்சக் காலத்தில் யார் கஞ்சி வார்த்தனர் என்பவற்றைப் பத்திரங்கள் கூறா. நும் தெருவுக்கு அப்பெயர் எவ்வாறு வந்தது? முதியோரை அணுகி வினவுங்கள். அவர் இசைவுடன் அவர் கூறியவாறே எழுதி, நாளும் குறித்து வையுங்கள். நாளை என்று தள்ளிவைப்பின், கேட்பதற்கு நாம் இருப்போம். சொல்வதற்கு அவர் இரார்.