கல்மரமும் தாவரங்களின் பண்டைப் பரவலும்

பதுளையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் நிற்கும் மரங்களைக் கொண்டு ஊவாவின் இயற்கைத் தாவரங்களை ஒருவர் கணிப்பாராயின் பெரும்பிழைக்கு ஆளாவர். நிழலுக்காக நடப்பெற்ற கிரெவில்லியா ஆஸ்திரேலியாவுக்குரியது, யூக்கலிப்டசும் அவ்வாறே. தேயிலையோ 19ஆம் நூற்றாண்டில் இம்மலைச்சரிவுகளில் குடியேறியது. மனிதன் தோன்றுமுன் எம்மரம் எங்கு வளர்ந்ததென அறியப் புதைபடிவங்களையே, அவற்றுள்ளும் சிறப்பாகக் கல்மரங்களையே நாடவேண்டும்.

அவற்றை ஊவாவின் பாறைகளில் தேடுதல் வீண். அப்பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே நிலத்தின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. உலகில் மரங்கள் தோன்றியது அதற்கு நெடுங்காலம் பின்னர். ஆதலின் பாக்கு நீரிணைக்கு அப்பால், தமிழகத்தின் விழுப்புரம் மாவட்டத்திலுள்ள திருவக்கரையை நோக்கவேண்டும். அங்கே கடலூர் மணற்கல்லில் பெரிய அடிமரங்கள் கல்லாய்க் கிடக்கின்றன. அவற்றின் வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் என்பர்.

மணலிற் புதைந்த மரத்தினுள் நிலத்தடி நீர் ஊறியபோது, அதிற் கரைந்திருந்த சிலிக்கா உயிரணுக்களில் படிந்து மரத்தின் உள்ளமைப்பை அவ்வாறே நிலைபெறச் செய்தது. அக்கல்லை ஒளி ஊடுருவுமளவுக்கு மெலிதாகத் தேய்த்து நுண்பெருக்கியில் நோக்கின், நீர்க்குழல்களும் பிசின் குழல்களும் தெளிவாகத் தோன்றும். கோயில்களிற் புகைக்கப்படும் குங்கிலியம் இத்தகைய பிசினே. குங்கிலியக் குடும்பத்துள்ளும் சில இனங்களில் பிசின் குழல்கள் நீண்ட வரிசைகளாக அமையும். சிங்களத்தில் 'ஹொர' எனப்படும் மரத்தின் இனத்தில் அவை தனித்தும் சிறு கூட்டங்களாகவும் சிதறியிருக்கும். கடலூர் மணற்கல்லிற் கிடைத்த மரங்களுட் சில இப்பின்னைய அமைப்பை உடையன.

இரத்தினபுரிப் பக்கம் இறங்குவோர் ஹொர மரங்களை இன்றுங் காணலாம். இவ்வினம் இந்தியாவின் தெற்கில் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் மட்டுமே வாழ்கிறது. இடையே வறண்ட சமவெளியும் கடலும் உள்ளன. இறகுடைய கனி காற்றிற் சிறிது தூரமே செல்லும். நெடுநாள் உறங்கிக்கிடந்து முளைக்கும் ஆற்றல் விதைக்கில்லை. கடலைப் பொறுத்தவரை விடை எளிது: ஆழங்குறைந்த பாக்கு நீரிணை, பனியூழிகளில் கடல்மட்டம் தாழ்ந்தபோது நிலமாயிருந்தது. வறண்ட சமவெளிக்கு விடை தருவது கல்மரமே. அக்காலத்தில் கிழக்குப் புறத்திலும் ஈரக்காடு இருந்தது.

ஆயினும் இச்சான்றையும் குறுக்கு விசாரணை செய்தல் வேண்டும். திருவக்கரை மரங்களுக்கு வேருமில்லை, கிளையுமில்லை; யாவும் படுத்தே கிடக்கின்றன. வெள்ளம் வேறிடத்திலிருந்து கொணர்ந்தவை அவை. எனவே அவை காட்டுவது திருவக்கரையில் நின்ற காட்டையன்று, ஆறு இறங்கிவந்த மேட்டுநிலக் காட்டை. அம்மேட்டுநிலத்திலும், கல்வராயன், சவ்வாது மலைகளிலும், ஹொர இனம் இன்று வளர்வதில்லை.