ஃபிரேயா: ஒரு பெயரின் நெடும் பயணம்

இங்கிலாந்தில் உறவினர் இருக்கும் வாசகியர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கக்கூடும். "இன்றைக்கு ஃபிரேயாவின் பிறந்தநாள், வகுப்பில் கேக் தந்தார்கள்" என்று பேரப்பிள்ளை தொலைபேசியில் சொல்லியிருக்கும். ஏதோ வெள்ளைக்காரப் பெயர் என்று நாமும் விட்டிருப்போம்.

2021ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த பெண் குழந்தைகளுக்கு அதிகமாகச் சூட்டப்பட்ட பெயர்களின் அரச பட்டியலில் ஃபிரேயா 6ஆம் இடத்தைப் பிடித்தது. டென்மார்க்கிலும் இது மிகப் பிரபல்யமான பெயர். 2023ஆம் ஆண்டின் ஆண் குழந்தைகள் பட்டியலில் முதலிடம் பெற்றது எது தெரியுமா? முஹம்மத். 4,661 குழந்தைகளுக்கு அப்பெயர் இடப்பட்டது. ஆகவே இவ்விரு பெயருடைய பிள்ளைகளும் அங்கே ஒரே மேசையில் அமர்ந்து பாடம் படிப்பது வியப்பல்ல.

கிறிஸ்தவ சமயம் பரவுவதற்கு முன்னர் நோர்வே, சுவீடன், டென்மார்க், ஐஸ்லாந்து மக்கள் பல தெய்வங்களை வணங்கிவந்தனர். ஒடின், தோர் ஆகியோருடன் ஃபிரேயா என்ற பெண் தெய்வமும் அவற்றுள் ஒன்று. இந்தத் தெய்வங்கள் இன்றும் உலகை விட்டுப் போகவில்லை. புதன், வியாழன் ஆகிய நாட்களின் ஆங்கிலப் பெயர்கள் ஒடினுக்கும் தோருக்கும் உரியவை. நாம் ஜும்ஆவுக்குச் செல்லும் வெள்ளிக்கிழமையின் ஆங்கிலப் பெயரும் ஃபிரிக் என்ற இன்னொரு பெண் தெய்வத்திலிருந்து வந்ததே. அவளையும் ஃபிரேயாவையும் ஒருவராகக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

ஃபிரேயாவைப் பற்றிய கதைகளை நமக்கு அதிகமாகத் தந்தவர் ஐஸ்லாந்து அறிஞர் ஸ்நோரி ஸ்டர்லுசன். அவர் ஒரு கிறிஸ்தவர். முன்னோர் கவிதைகளைப் புரிந்துகொள்ள இக்கதைகள் தேவை என்பதற்காக 1220ஆம் ஆண்டளவில் 'எட்டா' என்ற நூலில் அவற்றை எழுதிவைத்தார். இரண்டு பூனைகள் இழுக்கும் தேரில் ஃபிரேயா செல்வாள் என்கிறது அந்நூல். அவளிடம் ஓர் அபூர்வமான கழுத்து மாலையும், பருந்தின் இறகாலான போர்வையும் உண்டு. போரில் மாண்டவர்களில் பாதிப் பேர் அவளுக்குரியவர்கள்.

இந்த ஆடம்பரங்களைவிட என்னைத் தொட்டது வேறொரு பகுதி. அவளது கணவன் ஓதுர் தூர தேசங்களுக்குப் போய்விடுகிறான். அவள் அழுகிறாள், அவளது கண்ணீர் செம்பொன்னாகிறது. அறியாத மக்களிடையே அவனைத் தேடி அலைகிறாள். போகுமிடமெல்லாம் தனக்கு ஒவ்வொரு பெயரைச் சூடிக்கொள்கிறாள். 'கொடுப்பவள்' என்ற பொருளுள்ள கெவ்ன் என்பது அவற்றில் ஒன்று. அந்நாட்டுப் புலவர்கள் பொன்னை 'ஃபிரேயாவின் கண்ணீர்' என்றே பாடினர். கணவன் கடல்கடந்து போன வீட்டில் இருப்பவர்களுக்கு இக்கதையை விளக்கத் தேவையில்லை.

உயர்தர இரசாயனவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. உருக்கை உறுதியாக்கச் சேர்க்கும் வனேடியம் என்ற உலோகத்துக்கு 1830இல் சுவீடன் விஞ்ஞானி செஃப்ஸ்ட்ரோம் இட்ட பெயரும் இவளுடையதே. வனதீஸ் என்பது ஃபிரேயாவின் மற்றொரு பெயர்.

அக்காலத்தில் இப்பெயர் விளையாட்டல்ல. ஃபிரேயாவை இழித்துக் கவி சொன்ன யால்தி என்பவரை ஐஸ்லாந்து மக்கள் சபை நாடு கடத்தியது. அதையடுத்த கோடையிலேயே, சுமார் கி.பி. 1000இல், அதே சபை கிறிஸ்தவத்தை நாட்டின் சமயமாக ஏற்றுக்கொண்டது! தெய்வத்தின் பெயரை அப்படியே பிள்ளைக்கு வைக்கும் வழக்கமும் அம்மக்களிடம் பொதுவாக இருக்கவில்லை. தோர்ஸ்டெயின், ஃபிரேதீஸ் என்று வேறொரு சொல்லைச் சேர்த்தே வைத்தனர். வெறும் ஃபிரேயா என்பது பிள்ளைப் பெயரானது, வணக்கம் மறைந்து வெகு காலம் சென்று, பழைய பெயர்கள் மீண்டும் விருப்பத்துக்குரியவை ஆனபோதுதான்.

அப்படிப் பெயர் பெற்றவர்களில் ஒருவர் ஃபிரேயா ஸ்டார்க். 1893இல் பாரிஸில் பிறந்தவர். அரபு மொழி கற்று, பக்தாதிலும் ஹழரமௌத் பள்ளத்தாக்கிலும் பயணம் செய்து நூல்கள் எழுதினார். நூறு வயது வாழ்ந்து 1993இல் காலமானார்.

இனி, பெயரின் பொருள். 'சீமாட்டி' என்பதே அது. முதலில் ஒரு மரியாதைச் சொல்லாக இருந்து பின்னர் பெயரானது. ஜெர்மன் மொழியில் பெண்களை மரியாதையாக அழைக்கும் 'ஃப்ராவ்' என்பதும் இதே வேரிலிருந்து வந்தது.

வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகள் இரு பக்கத்துக்கும் பொருந்தும் பெயரைத் தேடுகிறார்கள். ஸஃபியா, ரஸியா என்று பழகிய காதுக்கு ஃபிரேயாவும் இனிமையாகவே ஒலிக்கும்; பொருளும் நல்லது. ஆனால் பெயர் என்பது அகராதிப் பொருள் மட்டுமல்லவே! யாரை நினைவூட்டுகிறது என்பதும் அதில் உண்டு. ஒரு காலத்தில் வணங்கப்பட்ட தெய்வத்தின் பெயரை நம் வீட்டுப் பிள்ளைக்கு வைக்க என் மனம் ஒப்பவில்லை. அதற்காகப் பேரப்பிள்ளையின் தோழி ஃபிரேயா வீட்டுக்கு வரும்போது முகம் சுளிக்கவும் வேண்டாம். அவளுடைய தாய் வழிபாட்டை நினைத்து அப்பெயரை வைத்திருக்கமாட்டாள். ஓசை பிடித்திருக்கும், அவ்வளவுதான்.

சீமாட்டி என்ற பொருள்தான் வேண்டுமென்றால் அதற்கு வடதுருவம் வரை போகத் தேவையில்லை. சித்தி பாத்திமா, சித்தி ஹாஜரா என்று நம் மூத்தவர்கள் வைத்தார்களே, அந்தச் 'சித்தி' தாயின் தங்கையைச் சொல்லும் தமிழ்ச் சொல் அல்ல. 'என் சீமாட்டி' என்று பொருள்படும் 'ஸித்தீ' என்ற அரபு வழக்கு அது. நாச்சியா என்பதும் அதே மரியாதையைத் தமிழில் சொல்வதுதான். இன்று இரண்டும் பழைய காலத்துப் பெயர்களென்று கழிக்கப்படுகின்றன. ஆயிரம் வருடப் பழைய பெயரை ஆங்கிலேயத் தாய்மார் புதுமையென்று கொண்டாடும் வேளையில் இது சற்று வேடிக்கையாகத்தான் இருக்கிறது. உங்கள் உம்மம்மாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்; பெயருக்கு முன்னால் அந்தச் சொல் இருக்கக்கூடும்.