சர்க்கரை பூசாவிட்டால் குழந்தை சாப்பிடாதா?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள பேட்டில் கிரீக் நகரில் ஓர் ஆரோக்கிய நிலையத்தை நடத்திவந்தார் டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக். இறைச்சி, மசாலா, சர்க்கரை மூன்றும் அவருக்கு ஆகாது. நோயாளிகளுக்கு எளிதில் செரிக்கும் உணவு வேண்டுமென்று 1894இல் அவரும் தம்பி வில் கீத் கெல்லாகும் வேகவைத்த கோதுமையை உருளைகளுக்கு இடையே விட்டு எடுத்தபோது, அது செதில் செதிலாக வந்தது. பிறகு மக்காச்சோளத்திலும் அதையே செய்தார்கள். 1906இல் தம்பி தனியாகக் கம்பெனி தொடங்கினார். செதிலில் சர்க்கரை சேர்த்ததை அண்ணன் விரும்பவில்லை. கெல்லாக் என்ற பெயரை யார் பயன்படுத்துவது என்ற தகராறு நீதிமன்றம்வரை போனது.

ஆனாலும் அன்று சேர்த்தது சிறிதளவுதான். 1939இல் சர்க்கரைப் பூச்சோடு ‘ரேஞ்சர் ஜோ’ என்ற தானிய உணவு வந்தது. 1949இல் போஸ்ட் நிறுவனத்தின் ‘சுகர் கிரிஸ்ப்’, 1952இல் கெல்லாகின் ‘சுகர் ஃப்ராஸ்டட் ஃப்ளேக்ஸ்’. அடுத்த ஆண்டு வந்த ‘சுகர் ஸ்மாக்ஸ்’ பெட்டியில் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. காலை உணவு என்று அதைக் குழந்தையின் கிண்ணத்தில் கொட்டினார்கள். இதற்கு ஒரு நியாயமும் சொல்லப்பட்டது: குழந்தைகள் எப்படியும் சர்க்கரையை அள்ளிப் போட்டுக்கொள்ளத்தான் போகிறார்கள், தொழிற்சாலையிலேயே அளவாகப் பூசிக் கொடுத்தால் நல்லதுதானே? இனிப்பில்லாவிட்டால் பிள்ளை சாப்பிடாது என்ற பேச்சும் கூடவே வளர்ந்தது. இன்றும் பல வீடுகளில் அந்த இனிப்புப் பெட்டியை வாங்குவதற்கு அதுதான் காரணம்.

இந்த நியாயத்தை யேல் பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் ஹாரிஸ் குழுவினர் நேரடியாகச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2011இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வெளியானது. கோடை முகாமுக்கு வந்த 5 முதல் 12 வயதுவரையிலான குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இனிப்பு மிகுந்த தானிய உணவு வகைகளையும் மற்றதற்கு இனிப்புக் குறைந்த வகைகளையும் கொடுத்தார்கள். பால், ஆரஞ்சுச் சாறு, வாழைப்பழம், ஸ்ட்ராபெர்ரி, சர்க்கரைப் பொட்டலம் எல்லாம் இரு பிரிவின் மேசையிலும் இருந்தன. யாரும் எதையும் தடுக்கவில்லை.

இனிப்புக் குறைந்த பிரிவில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. உணவு பிடித்திருந்தது என்றே அவர்களும் சொன்னார்கள். பொட்டலச் சர்க்கரையைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள், உண்மைதான். அப்படியும் அவர்கள் உட்கொண்ட மொத்தச் சுத்திகரித்த சர்க்கரை மற்றப் பிரிவினரின் அளவில் ஏறக்குறைய பாதி. பழத் துண்டுகளைக் கிண்ணத்தில் அதிகம் சேர்த்துக்கொண்டதும் அவர்கள்தாம். இனிப்புப் பூச்சு கிடைத்த குழந்தைகளோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தானிய உணவு சாப்பிட்டிருந்தார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சொல்லிவந்த சமாதானம் ஒரு காலை உணவு மேசையில் உடைந்துபோனது.

அமெரிக்காவில் விற்கும் ‘ஃப்ரூட் லூப்ஸ்’ என்ற காலை உணவின் 39 கிராமில் சேர்த்த சர்க்கரை மட்டும் 12 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி. இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஒரு நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க இதயச் சங்கம். பள்ளிக்குக் கிளம்பும் முன்பே அதில் பாதி தீர்ந்துவிடுகிறது. பல்லில் ஒட்டும் இந்தச் சர்க்கரையை வாயிலுள்ள பாக்டீரியா அமிலமாக்குகிறது. அமிலம் எனாமலைக் கரைக்கிறது.

சர்க்கரையைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், இல்லை. தவிடு நீக்கிய தானியத்தை அதிக வெப்பத்திலும் அழுத்தத்திலும் பதப்படுத்தும்போது, அதன் மாவுச்சத்து விரைவில் குளுக்கோஸாக உடையத் தயாராகிவிடுகிறது. குளுக்கோஸை 100 என்று வைக்கும் கிளைசீமிக் குறியீட்டில் சாதாரண கார்ன்ஃப்ளேக்ஸுக்கு 80 அளவில் மதிப்பெண். வெள்ளைச் சோற்றைவிடச் சற்று அதிகம். ரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறி, இன்சுலின் சுரந்ததும் இறங்குகிறது. நார்ச்சத்து மிகக் குறைவாக இருப்பதால் வயிறும் நெடுநேரம் நிறைந்திருப்பதில்லை. பெட்டிமேல் பெரிதாக எழுதியிருக்கும் இரும்புச்சத்தும் வைட்டமின்களும் பொய்யல்ல, சத்துக் குறைவுள்ள குழந்தைக்கு அவை உதவும். ஆனால் அவற்றைச் சேர்ப்பதால் சர்க்கரையின் தீங்கு ஒரு துளியும் குறையாது.

நிறமிகளின் கதையும் உண்டு. செயற்கை நிறமிகளும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம், சில குழந்தைகளின் துறுதுறுப்பையும் கவனச் சிதறலையும் ஓரளவு கூட்டுவதாக சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு 2007இல் சொன்னது. விளைவு சிறியது, எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே மாதிரி இல்லை. இருந்தும் 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த ஆய்வில் இருந்த ஆறு நிறமிகளுக்கு எச்சரிக்கை வாசகம் கட்டாயம். அமெரிக்காவில் செயற்கை நிறம் போட்ட அதே ஃப்ரூட் லூப்ஸுக்குக் கனடாவில் காரட், தர்பூசணிச் சாறுகளிலிருந்து நிறம் எடுத்தார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை என்று அமெரிக்கத் தாய்மார்கள் கேட்டதில் என்ன தவறு?

சிலி நாடு 2016இல் கறாராக இறங்கியது. சர்க்கரை மிகுந்த பெட்டிகளில் கறுப்பு எண்கோண முத்திரை இட்டது. கெல்லாக் பெட்டியிலிருந்து, குழந்தைகளை ஈர்க்கும் கார்ட்டூன் புலியையும் அகற்ற வைத்தது. பிரிட்டனிலோ, சர்க்கரை மிகுந்த உணவுகளுக்கான கட்டுப்பாட்டில் பாலோடு சேர்த்துத்தான் தங்கள் பண்டத்தை மதிப்பிட வேண்டும் என்று கெல்லாக் வழக்குத் தொடுத்து 2022இல் தோற்றது.

நம் நாட்டுப் பெட்டிகளிலும் சேர்த்த சர்க்கரையின் அளவைத் தனியாக அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. சேர்மானப் பட்டியல் எடை வரிசையில்தான் இருக்கும். அடுத்த முறை கடையில் பெட்டியை எடுக்கும்போது முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள், திருப்பிப் படியுங்கள். முதல் மூன்று பெயர்களுக்குள் சர்க்கரையோ குளுக்கோஸ் சிரப்போ இருந்தால், அதைத் தின்பண்டமாகவே கருதுங்கள்.