நாசூக்கின் கணக்கு

ஜேன் ஆஸ்டின் என்றாலே கல்யாணப் பேச்சு, தேநீர் விருந்து என்று ஒதுக்கிவிடுகிறோம். 1811இல் ஆசிரியர் பெயரில்லாமல் வெளிவந்த 'சென்ஸ் அண்ட் சென்ஸிபிலிட்டி'யின் இரண்டாம் அத்தியாயத்தை மட்டும் வாசித்தால் போதும்.

நார்லாண்ட் எஸ்டேட்டை ஆண்வழிக்கு எழுதிவைத்தது ஓர் உயில். சித்தியையும் மூன்று தங்கைகளையும் கவனித்துக்கொள்வதாகச் சாகக் கிடந்த தகப்பனிடம் வாக்குக் கொடுத்த ஜான் டாஷ்வுட், தங்கைகளுக்கு ஆளுக்கு 1000 பவுன் தர நினைக்கிறான். மனைவி ஃபேனி பேசப் பேச அது 500 ஆகிறது. அப்புறம் சித்திக்கு மட்டும் வருஷம் 100. அப்புறம் எப்போதாவது 50. கடைசியில் வீடு மாற ஒத்தாசை, பருவத்துக்குக் கொஞ்சம் மீன், வேட்டைக்கறி. அவ்வளவுதான். போதாததற்கு, சித்தி கொண்டுபோகப்போகும் பீங்கான் பாத்திரங்கள்மேல் ஃபேனிக்கு வயிற்றெரிச்சல் வேறு.

யாரும் குரலை உயர்த்துவதில்லை. பிள்ளையின் எதிர்காலம், தகப்பனாரின் உண்மையான எண்ணம் என்று எல்லாமே மரியாதையான வார்த்தைகள். கதைசொல்லியும் திட்டுவதில்லை, அவர்களைப் பேசவிட்டு ஒதுங்கி நிற்கிறாள். எள்ளல் பிறப்பது அந்த ஒதுங்கலில்தான். உயில் விட்டுவைத்த மிச்சத்தை நாகரிகப் பேச்சு சுரண்டி எடுப்பதை நாம் சிரித்துக்கொண்டே பார்க்கிறோம்.

அதட்டுகிற அதிகாரத்தை அடையாளம் காண்பது சுலபம். அக்கறையாகப் பேசுகிற அதிகாரத்திடம், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு எவ்வளவு குறைந்தது என்று எண்ணிப் பார்க்கவேண்டியிருக்கிறது.