சீலிங் விளக்கு ஏன் சீக்கிரம் கெடுகிறது?

எல்.ஈ.டி. விளக்கு சூடாகாது என்று நம்பித்தான் பலர் சீலிங்கைத் துளைத்துத் தாமே விளக்குப் பதிக்கிறார்கள். அதன் ஒளி சுடுவதில்லை, உண்மைதான். ஆனால் வாங்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாகிப் பின்புறத் தகட்டின் வழியே, கூரைக்கும் சீலிங்குக்கும் இடைப்பட்ட வெளிக்குப் போகிறது. மொனராகலையின் வெல்லவாய, புத்தல பக்கத்துத் தகரக் கூரையின் கீழ் அந்த வெளி பகலில் ஏற்கெனவே கொதித்துக் கிடக்கும். அங்கே முதலில் கெடுவது பெரும்பாலும் ஒளி தரும் சில்லு அல்ல. 230 வோல்ட்டை அதற்கேற்ப மாற்றித்தரும் ட்ரைவர். அதிலுள்ள மின்பகு கொள்ளளவியின் ஆயுள், வெப்பநிலை 10 பாகை கூடினால் ஏறக்குறையப் பாதியாகும்.

வெறும் 12 வாட் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். வாட் அல்ல, வெப்பம் வெளியேறும் வழியே இங்கு முக்கியம். இரவில் தகரம் ஆறிவிடுமே என்பதும் சரிதான். ஆனால் இருட்டான சமையலறையில் விளக்கு நண்பகலிலும் எரிகிறது. பதுளை மலைக் குளிரில் இந்தத் தொல்லை குறைவு. ஆகவே விளக்கின் மேல் இடைவெளி விடுங்கள், பஞ்சோ அட்டையோ போட்டு மூடாதீர்கள். சீலிங் அஸ்பெஸ்டஸ் தகடு என்றால் துளைக்கவே வேண்டாம், அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். வயர் இணைப்பைத் தகுதிபெற்ற எலெக்ட்ரீசியனிடம் விடுங்கள்.